கோபுரமற்ற ஓடுபாதை

திருப்பெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்கு மேலாக மீனம்பாக்கம் நோக்கித் தாழ்ந்து வரும் விமானங்களைக் கட்டுப்பாட்டாளரின் குரல் வழிநடத்துகிறது. உலகின் சிறிய விமான நிலையங்கள் பலவற்றில் அக்குரல் இல்லை. அமெரிக்காவில் பொதுப் பயன்பாட்டிலுள்ள ஏறத்தாழ 5,000 நிலையங்களுள் கட்டுப்பாட்டுக் கோபுரம் உடையவை 500 அளவே. ஏனையவற்றில் விமானிகள் பொது அலைவரிசை ஒன்றில் தம் இருப்பிடத்தையும் நோக்கத்தையும் தாமே அறிவிப்பர், பிறர் கூறுவதைக் கேட்பர், கண்ணாலும் பார்த்துக்கொள்வர்.

1996 நவம்பர் 19 அன்று, இல்லினாய் மாநிலத்தின் குயின்சி நிலையத்தில் பயணியர் விமானம் ஒன்று தரையிறங்க நெருங்கியது. குறுக்கு ஓடுபாதையில் இரு சிறு விமானங்கள் முன்னும் பின்னுமாக நின்றன. முன் நிற்பவர் காத்திருப்பாரா என வருவோர் வினவினர். விடையளித்தவரோ பின் நின்றவர். அவர் தம் பதிவெண்ணைக் கூறத்தான் செய்தார். ஆனால் எச்சரிக்கை ஒலியொன்று அவருடைய பேச்சில் குறுக்கிட்டது. வந்தவர்கள் அதனை முன்னவரின் இசைவாகவே கொண்டனர். முன் நின்ற விமானத்தினர் அலைவரிசையையும் கவனிக்கவில்லை, வருவதையும் நோக்கவில்லை, ஓடத் தொடங்கினர். ஓடுபாதைகள் வெட்டும் இடத்தில் இரண்டும் மோதின. மோதலினும் தீயும் புகையுமே கொடியவையாயின. இரண்டிலும் இருந்த 14 பேரும் மாண்டனர்.

இத்தகைய நிலையங்களில் விமானி தம் அறிவிப்பின் தொடக்கத்திலும் முடிவிலும் நிலையத்தின் பெயரைச் சொல்வது வழக்கம். அண்டை நிலையமும் அதே அலைவரிசையில் பேசிக்கொண்டிருக்கக்கூடும்.