கம்பும் பாஜ்ராவும்



தில்லியில் மார்கழிக் குளிர் மிகுந்த ஒரு நாள். உணவு இடைவேளை மணி ஒலித்தது. ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி, தன் உணவுப் பெட்டியைத் திறவாமல் மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தாள். அதனுள் அவளுடைய பாட்டி சுட்டுத் தந்த கம்பு அடை இருந்தது. முந்தைய நாள் யாரோ அதன் நிறத்தைக் கண்டு நகைத்துவிட்டனர். ஆகவே, பசியோடு இருப்பதே மேல் என அவள் எண்ணினாள்.

அருகில் இருந்த தோழி இராஜஸ்தானைச் சேர்ந்தவள். அவளுடைய பெட்டியில் அதே நிறத்தில் தடித்த ரொட்டி நெய்மணம் கமழ இருந்தது. “இது பாஜ்ரா ரொட்டி. குளிர்காலத்தில் எங்கள் வீட்டில் நாள்தோறும் உண்டு” என்றாள் தோழி. நம் மாணவி என்னிடம் ஓடிவந்து, “அம்மா, பாஜ்ரா என்றால் என்ன?” என வினவினாள். “கம்புதான்” என்றேன். அன்று இருவரும் பகிர்ந்து உண்டனர்.

இந்தியாவில் கம்பு மிகுதியாக விளையும் மாநிலம் இராஜஸ்தான். தமிழகத்தில் கம்பங்கூழும் கம்பஞ்சோறும் நம் முன்னோரின் அன்றாட உணவாக இருந்தன. கம்பில் இரும்புச்சத்து உள்ளது. குருதியில் உயிர்வளியைச் சுமந்து செல்லும் ஈமோகுளோபின் உருவாக அச்சத்து வேண்டும். அது குறைந்தால் உடல் சோரும். பாடத்தில் மனம் ஊன்றாது. கேழ்வரகு 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணச்சத்து உண்டு. அது எலும்புக்கும் பல்லுக்கும் உறுதி தரும். இந்தியாவின் முன்மொழிவை ஏற்று, ஐக்கிய நாடுகள் அவை 2023 ஆம் ஆண்டைப் பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது.

கீரை, பயறு ஆகியவற்றோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்து உண்டால், அவற்றிலுள்ள இரும்புச்சத்து உடலில் நன்கு சேரும். உணவோடு தேநீர் பருகினால் அச்சத்துச் சேர்வது குறையும்.

கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த தின்பண்டங்களைப் பள்ளிச் சிற்றுண்டிச் சாலையிலும், பள்ளி வாயிலிலிருந்து 50 மீட்டர் தொலைவுக்குள்ளும் விற்கலாகாது என்பது 2020 ஆம் ஆண்டின் விதி. அவ்விதி நம் வீட்டு அலமாரி வரை வாராது. அங்கே காவல் நாம்தாம். திருக்குறளில் 95ஆம் அதிகாரமாகிய ‘மருந்து’, முன் உண்டது செரித்தபின் அளவறிந்து உண்ணுமாறு அறிவுறுத்துகிறது.

உங்கள் பெட்டியில் உள்ளது நாணத்தக்க பொருளன்று. அதனைத் தயங்காது திறந்து உண்ணுங்கள். பிறர் பெட்டியைக் கண்டும் நகையாதீர்கள்.

சொற்பொருள்

நகைத்தல் – சிரித்தல்
குருதி – இரத்தம்
உயிர்வளி – ஆக்சிஜன்
சுண்ணச்சத்து – கால்சியம்

பயிற்சி

1. மாணவி தன் உணவுப் பெட்டியைத் திறவாதது ஏன்?
2. இரும்புச்சத்து உடலில் நன்கு சேர நாம் செய்யவேண்டியது யாது?
3. பொருத்துக: கம்பு, சோளம், கேழ்வரகு – மண்டுவா, பாஜ்ரா, ஜோவார்.
4. பிரித்து எழுதுக: கம்பங்கூழ், கம்பஞ்சோறு.
5. “அவ்விதி நம் வீட்டு அலமாரி வரை வாராது” – இத்தொடரின் கருத்தை உம் சொற்களில் எழுதுக.

செயல்பாடு

உம் பாட்டியிடமோ தாயிடமோ கேட்டு, ஊரில் அவர்கள் இளமையில் உண்ட சிறுதானிய உணவு ஒன்றன் செய்முறையைத் தமிழில் ஐந்து தொடர்களில் எழுதி வருக. அவ்வுணவை ஒரு நாள் பள்ளிக்குக் கொணர்ந்து தோழருடன் பகிர்ந்து உண்க.