இடம் மாறிய புரதங்கள்

ஒரு குவளை நீரில் ஒரு துளி மையை விடுங்கள். சிறிது நேரத்தில் மை நீர் முழுவதும் பரவிவிடும். பரவிய மை மீண்டும் ஒரு மூலையில் போய்ச் சேர்வதை யாரும் கண்டதில்லை. மூலக்கூறுகளைத் தம் போக்கில் விட்டால் அவை எங்கும் சமமாகப் பரவவே முற்படும். இதனை விரவல் என்று படித்திருக்கிறீர்கள்.

நமது உடலின் செல்லுக்குள் தோன்றும் காட்சியோ வேறு. சில புரதங்கள் உட்கருவினுள் மிகுதியாக உள்ளன. சில, அதற்கு வெளியே சைட்டோபிளாசத்தில் மிகுதியாக உள்ளன. இன்னும் சில உட்கருவினுள் சென்று, வேலையை முடித்து, வெளியேறிவிடுகின்றன. இந்த ஒழுங்கு எவ்வாறு நிலைபெறுகிறது? அது குலைந்தால் என்ன நேரும்?

வாயிலும் அனுமதிச் சீட்டும்

உட்கருவைச் சூழ்ந்துள்ள இரட்டைச் சவ்வில் ஏராளமான துளைகள் உள்ளன. ஒவ்வொரு துளையும் ஏறத்தாழ 30 வகைப் புரதங்களால் கட்டப்பட்ட ஒரு வாயில். அதன் நடுவழியை மெல்லிய புரத இழைகள் வலைபோல் அடைத்துள்ளன. ஏறத்தாழ 40,000 டால்டனுக்குக் குறைந்த மூலக்கூறுகள் இவ்வலையினூடே தாமாகவே சென்றுவிடும். (ஒரு டால்டன் என்பது ஏறக்குறைய ஒரு ஹைட்ரஜன் அணுவின் நிறை.) அதனினும் பெரியவற்றை அழைத்துச் செல்லத் துணை வேண்டும்.

வெளியே அழைத்துச் செல்லும் துணைகளில் முக்கியமானது ‘எக்ஸ்போர்ட்டின்-1’ என்னும் புரதம். யாரை அழைத்துச் செல்வது என்று அது எப்படி அறிகிறது? வெளியேற வேண்டிய புரதத்தில் ஏறத்தாழ பத்து அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சிறு பகுதி உண்டு. லூசின் போன்ற, நீருடன் ஒட்டாத அமினோ அமிலங்கள் அதில் குறிப்பிட்ட இடைவெளியில் அமைந்திருக்கும். இதுவே அனுமதிச் சீட்டு. 1995-இல் இது முதன்முதலாகக் கண்டறியப்பட்ட புரதங்களுள் ஒன்று, எச்.ஐ.வி. வைரஸின் ‘ரெவ்’ என்பதாகும். வைரஸ் தனது ஆர்.என்.ஏ.வை உட்கருவிலிருந்து வெளியே எடுத்துச் செல்ல நமது செல்லின் போக்குவரத்தையே பயன்படுத்திக்கொள்கிறது! இச்சீட்டைப் படிப்பது எக்ஸ்போர்ட்டின்-1 என்பது 1997-இல் தெளிவாயிற்று.

திசையைத் தருவது எது?

இயற்பியல் கற்பிக்கும் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். வாயில் இருபுறமும் திறந்திருக்க, சரக்கு வெளிப்புறமாக மட்டும் செல்வது எப்படி?

விடை ‘ரேன்’ என்னும் சிறு புரதத்தில் உள்ளது. அது மூன்று பாஸ்பேட் கொண்ட ஒரு மூலக்கூறைத் தாங்கியிருக்கலாம். அல்லது இரண்டு பாஸ்பேட் கொண்டதைத் தாங்கியிருக்கலாம். முதல் வடிவத்தை உண்டாக்கும் நொதி, உட்கருவினுள் குரோமோசோம்களில் ஒட்டியுள்ளது. ஒரு பாஸ்பேட்டைப் பிரித்து அதனை இரண்டாம் வடிவமாக்கும் நொதியோ வெளியே உள்ளது. எனவே முதல் வடிவம் உள்ளே மிகுதி. வெளியே மிகக் குறைவு.

உள்ளே எக்ஸ்போர்ட்டின், சரக்கு, மூன்று பாஸ்பேட் ரேன் ஆகிய மூன்றும் ஒன்றாகப் பிணைகின்றன. வெளியே வந்ததும் பாஸ்பேட் பிரிகிறது, கூட்டு உடைகிறது, சரக்கு விடுபடுகிறது. எக்ஸ்போர்ட்டின் வெறுங்கையுடன் திரும்புகிறது.

மேல்நிலைத் தொட்டியை எண்ணிப் பாருங்கள். மோட்டார் மின்சாரத்தைச் செலவிட்டு நீரை மேலே ஏற்றுகிறது. பின்னர் குழாயைத் திறந்தால் நீர் தானே இறங்குகிறது. குழாய்க்குத் திசை தெரியாது. திசையைத் தருவது உயர வேறுபாடு. இங்கே திசையைத் தருவது ரேன் வேறுபாடு. 1999-இல் வெளியான ஓர் ஆய்வில், உட்கருவிற்கு வெளியே மூன்று பாஸ்பேட் ரேனை மிகுதியாகச் சேர்த்தபோது போக்குவரத்தின் திசையே தலைகீழாயிற்று!

ஒழுங்கு குலைந்தால்

1979-இல் கண்டறியப்பட்ட ‘பி-53’ என்னும் புரதம் செல்லின் காவலன். டி.என்.ஏ. பழுதுற்றால் அது செல் பிரிவதைத் தடுக்கும். அல்லது செல்லை அழியச் செய்யும். இதற்குரிய ஜீன்களை இயக்க அது உட்கருவினுள் இருக்க வேண்டும். ஆனால் பல புற்றுநோய்ச் செல்களில் எக்ஸ்போர்ட்டின்-1 அளவுக்கு மிஞ்சிக் காணப்படுகிறது. காவலன் இருந்தும், காவல் இடத்தில் இல்லாத நிலை!

மற்றொரு சான்று, தீவிர மைலாய்டு ரத்தப் புற்றுநோய். நியூக்ளியோபாஸ்மின் என்னும் புரதம் வழக்கமாக உட்கருவினுள் உள்ள நியூக்ளியோலசில் தங்கும். இந்நோயுற்ற பெரியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினரிடம் அது சைட்டோபிளாசத்தில் காணப்படுவதை 2005-இல் இத்தாலிய ஆய்வாளர்கள் அறிவித்தனர். காரணம், பெரும்பாலும் அதன் ஜீனில் கூடுதலாக நுழைந்த நான்கே எழுத்துகள். அவற்றால் புரதத்தின் வால்பகுதி மாறி, அங்கே புதிதாக ஓர் அனுமதிச் சீட்டு உருவாகிவிடுகிறது.

மருந்தும் நஞ்சும்

அப்படியானால் எக்ஸ்போர்ட்டினைத் தடுத்தால் என்ன? லெப்டோமைசின்-பி என்னும் பொருள் 1983-இல் ஜப்பானில், பூஞ்சைகளை எதிர்க்கும் பொருளாக அறிவிக்கப்பட்டது. அது எக்ஸ்போர்ட்டினின் 528-ஆம் அமினோ அமிலமான சிஸ்டீனுடன் நிலையாகப் பிணைந்து, சீட்டு பொருந்தும் பள்ளத்தை அடைத்துவிடுகிறது. ஆனால் 1990-களில் மனிதருக்குக் கொடுத்துப் பார்த்தபோது கடும் பசியின்மையும் சோர்வும் ஏற்பட்டதால் அது கைவிடப்பட்டது. நலமான செல்களுக்கும் இப்போக்குவரத்து தேவையல்லவா?

பின்னர் உருவாக்கப்பட்ட செலினெக்சர் அதே சிஸ்டீனுடன்தான் பிணைகிறது. ஆனால் காலப்போக்கில் விலகிக்கொள்கிறது. பிளாஸ்மா செல்களில் தோன்றும் மல்டிபிள் மைலோமா என்னும் புற்றுநோய்க்கு, பல மருந்துகள் பயன் தராத நிலையில், வேறொரு மருந்துடன் சேர்த்து இதனைப் பயன்படுத்த 2019-இல் அமெரிக்கா அனுமதி அளித்தது. குமட்டல், சோர்வு, ரத்தத் தட்டுகள் குறைதல் ஆகிய தொல்லைகள் இதற்கும் உண்டு. ஆயினும் மருத்துவரின் கண்காணிப்பில் தாங்கக்கூடிய மருந்தாக இது விளங்குகிறது. தாக்கும் இடம் ஒன்றே. மீளாத பிணைப்பு கைவிடப்பட்டது, மீளும் பிணைப்பு மருந்தாயிற்று.

சிந்தித்து விடை காண்க

1. வெளியேறும் சீட்டு உடைய ஒரு புரதத்தின் நிறை 20,000 டால்டன். எக்ஸ்போர்ட்டின் தடுக்கப்பட்டால் அது எங்கே காணப்படும்? நிறை 1,00,000 டால்டன் ஆனால்?

2. ரேன் வேறுபாட்டைக் காக்கச் செல்லிடம் ஆற்றல் இல்லாமற்போனால், குவளையில் இட்ட மைத்துளி உங்களுக்கு ஏன் நினைவுக்கு வர வேண்டும்?