கற்பித்தபடியே எழுதுவது

கேள்வி: பள்ளிப் பிள்ளைகளுக்குக் கட்டுரை சொல்லிக்கொடுப்பதிலேயே நேரம் போகிறது. என் எழுத்து எப்படி வளரும்? – ஓர் ஆசிரியை, சங்ககிரி

பதில்: உங்கள் பக்கத்து ஊரான திருச்செங்கோட்டைச் சேர்ந்த பெருமாள்முருகன், நாமக்கல் அரசு கலைக் கல்லூரியில் தமிழ் கற்பித்தபடியேதான் நாவல்கள் எழுதினார். மாணவர்கள் உள்ளிட்டோரைத் தங்கள் சாதி அனுபவங்களை எழுதவைத்து அவர் தொகுத்த ‘சாதியும் நானும்’ 2013இல் வந்தது. சாதி மீறிய திருமணத்தைப் பேசும் ‘பூக்குழி’ நாவலும் அதே ஆண்டுதான். கல்லூரி வேறு, பள்ளி வேறு என்பீர்கள். உண்மைதான், பள்ளியில் மதிப்பெண் நெருக்கடி அதிகம். ஆனாலும் வாரம் ஒரு பக்கம் அதற்கு வெளியே எழுதவைக்கலாம். லாரி ஓட்டும் அப்பா வீடு திரும்பும் நாளை எழுதச் சொல்லுங்கள். ‘மகிழ்ச்சி அடைந்தோம்’ என்று ஒரு பிள்ளை முடித்தால், வந்ததும் அவர் முதலில் என்ன கேட்டார் என்று கேளுங்கள். உங்கள் கதையிலும் அதே கேள்விக்குப் பதில் இருக்க வேண்டும். அந்தப் பக்கத்தை வகுப்பில் அவர்களோடு உட்கார்ந்து நீங்களும் எழுதுங்கள், தனியாக நேரம் தேட வேண்டியிருக்காது.