நகரத்திற்கு அடியில் ஓடும் மழை

2010ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள். பள்ளி விடுமுறைக் காலம். அன்று காலையில் சிங்கப்பூரின் ஆர்ச்சர்ட் சாலைப் பகுதியில் பெய்த மழை, ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் 100 மில்லிமீட்டரை எட்டியது. ஜூன் மாதம் முழுவதும் சராசரியாகப் பெய்யும் மழையில் பாதிக்கும் மேல், அந்த ஒரே காலைப் பொழுதில் கொட்டித் தீர்த்துவிட்டது. சாலை ஆறாக மாறியது. கார்கள் பாதி மூழ்கி நின்றன. கடைத்தொகுதிகளின் கீழ்த்தளங்களில் தண்ணீர் புகுந்தது. விற்பனைக்கு வைத்திருந்த பொருள்கள் நனைந்து வீணாயின. நாட்டின் புகழ்பெற்ற கடைத்தெருவிலேயே இப்படி நடந்தது பலருக்கு வியப்பாக இருந்தது.

சிங்கப்பூருக்கு வெள்ளம் புதிதன்று. 1978 டிசம்பர் 2ஆம் தேதி ஒரே நாளில் 500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்தது, எழுவர் உயிரிழந்தனர். 1970களில் வெள்ள அபாயமுள்ள நிலப்பரப்பு 3,200 ஹெக்டராக இருந்தது. கால்வாய்களை அகலப்படுத்தியும், புக்கிட் தீமாவில் மாற்றுக் கால்வாய்கள் வெட்டியும், தாழ்வான நிலங்களை உயர்த்தியும் அந்தப் பரப்பளவு இன்று 30 ஹெக்டருக்கும் கீழே குறைக்கப்பட்டுள்ளது. எனவே, 2010ஆம் ஆண்டில் மக்கள் கேட்ட கேள்வி நியாயமானதுதான்: இவ்வளவு செய்த பிறகும் ஆர்ச்சர்ட் சாலையில் வெள்ளம் எப்படி வந்தது?

விடை சாலைக்கு அடியில் இருந்தது. ஆர்ச்சர்ட் சாலையில் நடந்து செல்வோர் பலருக்கு, தங்கள் காலடியில் ஒரு கால்வாய் ஓடுவது தெரியாது. அதன் பெயர் ஸ்டாம்ஃபர்ட் கால்வாய். தங்ளின் பகுதியிலிருந்து வரும் மழைநீரைச் சுமந்துகொண்டு, கடைத்தெருவைக் கடந்து, மரினா நீர்த்தேக்கத்தில் சென்று சேர்கிறது. இக்கால்வாய் ஓரிடத்தில் இரண்டு மூடிய வழிகளாகப் பிரிகிறது. அன்று மழைநீர் அடித்து வந்த குப்பைகூளம் அவற்றுள் ஒன்றை அடைத்துக்கொண்டது. இரண்டு வழிகளில் போக வேண்டிய நீர் ஒன்றுக்குள் நெருக்கியடித்தது. மீதி நீர் சாலைமேல் ஏறியது.

அடைப்பை நீக்கிவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடும் என்று நினைக்கலாம். ஆனால் அடைப்பு காரணத்தின் ஒரு பாதிதான். மறு பாதியைப் புரிந்துகொள்ளச் சிறிய கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு காற்பந்துத் திடலின் பரப்பளவு ஏறத்தாழ 7,000 சதுர மீட்டர். அதன்மேல் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் 700 கன மீட்டர் நீர் சேரும். திடல் புல்தரையாக இருந்தால் மண் ஒரு பகுதியை உறிஞ்சிக்கொள்ளும். மீதி நீரும் புல்லுக்கிடையே மெதுவாகத்தான் வழியும். அதே இடம் சிமெண்டுத் தரையாகவும் கட்டடக் கூரையாகவும் இருந்தால், ஏறக்குறைய நீர் முழுவதும் சில நிமிடங்களில் வடிகாலுக்கு ஓடிவிடும். இங்கே முக்கியமானது நீரின் அளவு மட்டுமன்று. அது வந்து சேரும் வேகமும் ஆகும். ஒரு வாளித் தண்ணீரைப் புனலில் மெதுவாக ஊற்றினால் சொட்டுக்கூடச் சிந்தாது. ஒரே மூச்சில் கவிழ்த்தால் பாதி வெளியே போகும். வாளியும் அதே வாளி, புனலும் அதே புனல். ஸ்டாம்ஃபர்ட் கால்வாய் வெட்டப்பட்ட காலத்தைவிட அதைச் சுற்றியுள்ள நிலத்தில் கட்டடங்கள் பெருகிவிட்டன. வாளி வேகமாகக் கவிழத் தொடங்கியிருந்தது.

அப்படியென்றால் புனலைப் பெரிதாக்கலாமே? கால்வாயின் இருபுறமும் வானளாவிய கட்டடங்கள் நெருக்கமாக நிற்கின்றன. அருகே ரயில் சுரங்கமும் செல்கிறது. அகலப்படுத்த இடமில்லை. இடமிருந்தாலும், பல ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் பெருமழைக்காக வெட்டப்படும் அகன்ற கால்வாய், மற்ற நாள்களில் வெறுமையாகவே கிடக்கும். நிலம் அரிதாகவுள்ள தீவுக்கு அது கட்டுப்படியாகாது.

பொதுப் பயனீட்டுக் கழகம் முதலில் விரைந்து செய்யக்கூடியதைச் செய்தது. ஆர்ச்சர்ட் சாலையின் 1.4 கிலோமீட்டர் நீளப் பகுதி சராசரியாக 30 சென்டிமீட்டர் உயர்த்தப்பட்டது. 2011ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் அந்தப் பணி முடிந்தது. ஆயினும், தண்ணீர் எப்போதும் பள்ளத்தைத் தேடிச் செல்லும் அல்லவா? அதே ஆண்டு டிசம்பரில் பெய்த கனமழையில், சாலையைவிடத் தாழ்ந்திருந்த ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தில் நீர் புகுந்தது. ஓரிடத்தை உயர்த்தினால் அடுத்த இடம் பள்ளமாகிவிடுகிறது. சாலையை உயர்த்தியது பயனற்றது என்று இதற்குப் பொருளில்லை. அது மட்டும் போதவில்லை என்பதே உண்மை.

அதன்பின் வகுக்கப்பட்ட திட்டம், மழைநீரின் பயணத்தை மூன்று இடங்களில் கவனித்தது. நீர் உருவாகும் இடம், அது ஓடும் வழி, அது புகக்கூடிய இடம் ஆகியவையே அவை. இவற்றுள் ஓடும் வழிக்குச் செய்யப்பட்ட மாற்றமே மிகப் பெரியது. ஸ்டாம்ஃபர்ட் கால்வாய்க்கு மேற்புறத்திலிருந்து வரும் நீரைத் திசைதிருப்பச் சுமார் இரண்டு கிலோமீட்டர் நீளமுள்ள மாற்றுக் கால்வாய் ஒன்று கட்டப்பட்டது. அது நீரை நேரே சிங்கப்பூர் ஆற்றுக்குக் கொண்டு செல்கிறது. இதனால், மழைநீர் சேரும் நிலப்பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கின் நீர் ஆர்ச்சர்ட் சாலைப் பக்கம் வருவதே இல்லை. தமிழர்கள் அன்போடு ‘பூமலை’ என்று அழைக்கும் தாவரவியல் பூங்காவில், மண்ணுக்கு அடியில் 38,000 கன மீட்டர் கொள்ளளவுள்ள தொட்டி ஒன்று அமைக்கப்பட்டது. ஒலிம்பிக் நீச்சல் குளங்கள் பதினைந்தின் நீர் அதில் அடங்கும். கனமழையின்போது வடிகால் நிரம்பினால் மிகுதி நீர் இத்தொட்டிக்குள் இறங்கும். மழை ஓய்ந்ததும் பம்புகள் அதை மீண்டும் வடிகாலுக்கு அனுப்பும். பெய்யும் மழை முழுவதையும் இத்தொட்டியால் பிடித்து வைக்க இயலாது. அது அதன் வேலையும் அன்று. வாளி கவிழும் அந்தச் சில நிமிட வேகத்தைக் குறைப்பதே அதன் வேலை. இவ்விரண்டு பணிகளும் 2018ஆம் ஆண்டில் நிறைவடைந்தன. மொத்தச் செலவு 227 மில்லியன் வெள்ளி.

நீர் உருவாகும் இடத்தில் பொறுப்பு கட்டட உரிமையாளர்களுக்கும் உண்டு. 2014 முதல், 0.2 ஹெக்டர் அல்லது அதற்கு மேற்பட்ட பரப்பளவுள்ள புதிய கட்டடத் திட்டங்கள், தங்கள் நிலத்தில் பெய்யும் மழைநீரின் வேகத்தைத் தாங்களே குறைத்து அனுப்ப வேண்டும். கூரைத் தோட்டம், நிலத்தடித் தொட்டி, செடிகள் நட்ட பள்ளம் எனப் பல வழிகள் உள்ளன. நீர் புகக்கூடிய இடங்களில், அதாவது தாழ்வான கடைகளின் வாசல்களில், வெள்ளத் தடுப்புப் பலகைகள் வைக்கப்படுகின்றன. வடிகால்களில் 200க்கும் மேற்பட்ட உணர்கருவிகள் நீர்மட்டத்தைக் கண்காணிக்கின்றன.

இந்த முயற்சிகளுள் கண்ணுக்கு இனியது பீஷான்–அங் மோ கியோ பூங்காவில் உள்ளது. அங்கே காலாங் ஆறு ஒரு காலத்தில் 2.7 கிலோமீட்டர் நீளமுள்ள நேரான சிமெண்டுக் கால்வாயாக இருந்தது. 2012இல் அது வளைந்து நெளிந்து ஓடும் 3.2 கிலோமீட்டர் ஆறாக மாற்றப்பட்டது. சாதாரண நாளில் சிறுவர்கள் கரையோரம் கால் நனைத்து விளையாடலாம். கனமழையின்போது பூங்காவின் புல்வெளியே ஆற்றுப்படுகையாகிவிடும். ஆனால் நீர் மிக விரைவாக ஏறும். ஆகவே எச்சரிக்கை விளக்குகளும் ஒலிப்பான்களும் அங்குப் பொருத்தப்பட்டுள்ளன. அழகான ஆறும் ஆபத்தான ஆறாகலாம் என்பதை மறந்து அதை வடிவமைத்திருக்க முடியாது.

இவ்வழிகளில் ஓடும் நீரில் பெரும்பகுதி இறுதியில் மரினா நீர்த்தேக்கத்தை அடைகிறது. சிங்கப்பூரின் பரப்பளவில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு நிலத்தின் மழைநீர் அங்குதான் சேர்கிறது. 2008இல் திறக்கப்பட்ட மரினா அணைக்கட்டில் ஒன்பது மதகுகள் உள்ளன. கடல் தாழ்ந்திருக்கும்போது மதகுகளைத் திறந்தால் மிகுதி நீர் தானே கடலுக்குள் வடிந்துவிடும். கனமழையும் கடல் ஏற்றமும் ஒரே வேளையில் வந்தால் மதகுகளைத் திறக்க முடியாது; திறந்தால் கடல்நீர் உள்ளே வரும். அப்போது ஏழு பெரிய பம்புகள் நீரைக் கடலுக்கு இறைக்கின்றன. ஒவ்வொரு பம்பும் நொடிக்கு 40 கன மீட்டர் நீரை வெளியேற்ற வல்லது. உலகம் வெளியிடும் கரியமில வாயு குறையாவிட்டால், 2100ஆம் ஆண்டுக்குள் சிங்கப்பூரைச் சுற்றியுள்ள கடல்மட்டம் 1.15 மீட்டர் வரை உயரக்கூடும் என 2024இல் வெளியான தேசியப் பருவநிலை ஆய்வு கணித்துள்ளது. கடல் உயர உயர, மதகுகளைத் திறந்து வைக்கக்கூடிய நேரம் குறையும்; பம்புகள் ஓட வேண்டிய நேரம் கூடும்.