அகஞ்சுரக்கும் சுரப்பிகளும் அவற்றின் நோய்க்குறிகளும்

வகுப்பிலே ஒரு மாணவன் அடிக்கடி எழுந்து வெளியே செல்ல அனுமதி கேட்கின்றான். மற்றொருவன் நண்பகலிலும் உறங்கி விழுகின்றான். வேறொருவன் தொட்டதற்கெல்லாம் சினக்கின்றான். முதல்வனைக் குழப்படிக்காரன் என்றும், இரண்டாமவனைச் சோம்பேறி என்றும், மூன்றாமவனை முரடன் என்றும் கூறிவிடுதல் எளிது. அது மெய்யாகவும் இருக்கலாம். ஆயினும், சிற்சில வேளைகளிற் பிழை மாணவனுடையதன்று. அவனுடலிலுள்ள ஒரு சிறு சுரப்பியினுடையது. அவ்வேறுபாட்டை உணர உதவுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உமிழ்நீர்ச் சுரப்பி தன் நீரைக் கான் வழியே வாய்க்குள் விடுகின்றது. வேறு சில சுரப்பிகளுக்குக் கான் இல்லை. அவை தம் சுரப்பை நேரே குருதியிற் கலக்கின்றன. இச்சுரப்புக்களை 1905ஆம் ஆண்டிலே ஸ்ரார்லிங் என்னும் ஆங்கிலேய அறிஞர் ‘ஓமோன்’ என அழைத்தார். ஓமோன் குருதியோடு உடலெங்கும் செல்வதால், அது மிகினும் குறையினும் கேடு ஓரிடத்தில் நில்லாது. ஆதலினாலேயே இந்நோய்கள் பல குணக்கேடு போலவும் முதுமை போலவும் தோன்றி நம்மை மயக்குகின்றன.

முதலில் நீரிழிவை நோக்குவோம். இரைப்பையின் பின்னுள்ள சதையி இன்சுலினைச் சுரக்கின்றது. சிறுவரிடம் பெரிதும் காணப்படும் வகையில் இச்சுரப்பு ஏறக்குறைய அற்றுப்போகின்றது. தணியாத தாகம், மிகுந்த சிறுநீர், நன்றாக உண்டும் மெலிதல் என்பன சில கிழமைகளுக்குள் தோன்றும். படுக்கையை நனைத்தலை விட்டிருந்த பிள்ளை மீண்டும் நனைக்கலாம். இவற்றோடு வாந்தி, வயிற்றுவலி, ஆழ்ந்த மூச்சு, மூச்சிற் பழவாசனை, அறிவுமயக்கம் ஆகியன காணின், நாளை என்று இராது அப்பொழுதே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும். 1922 சனவரியிற் கனடாவின் ரொறன்ரோ நகரிலே, சாகுந் தறுவாயிலிருந்த லெனாட் தொம்சன் என்னும் பதினான்கு வயதுச் சிறுவனுக்கு முதன்முதல் இன்சுலின் ஏற்றப்பட்டது. அவன் மேலும் பதின்மூன்று ஆண்டுகள் வாழ்ந்தான். இன்று மருந்துக்குக் குறையில்லை; காலத்தில் அறிதலே வேண்டுவது.

முதிர்ந்தோரிடம் வரும் நீரிழிவோ ஓசையின்றி வருவது. ஆறாத புண், மங்கிய பார்வை, கால் விறைப்பு ஆகியன அதன் குறிகள். குறியெதுவும் இன்றிப் பல்லாண்டுகள் மறைந்திருத்தலும் உண்டு. எட்டு மணிநேரம் உண்ணாதிருந்து சோதித்த குருதியில், 100 மில்லிலீற்றருக்கு 126 மில்லிகிராமோ அதற்கு மேலோ குளுக்கோசு இருமுறை காணின், அது நீரிழிவே. பழைய மாணவர் இதனை நினைவிற் கொள்க.

அடுத்து, கழுத்தின் முன்புறத்தேயுள்ள தைரொயிட்டுச் சுரப்பி. இது உடலின் வேகத்தை ஆள்வது. சுரப்புக் குறைந்தால் எல்லாம் மந்தமாகும்: அயர்ச்சி, மறதி, மலச்சிக்கல், உலர்ந்த தோல், கரகரத்த குரல், உடற்பருமன் ஆகியன மெல்ல மெல்ல வரும். பிறர் வியர்க்கும் வேளையில் இவர் போர்வை தேடுவார். பிள்ளையாயின் உயரம் வளராது நின்றுவிடும். சுரப்பு மிகுந்தாலோ எல்லாம் விரைவாகும்: நெஞ்சு படபடக்கும், நீட்டிய விரல்கள் நடுங்கும், பசி மிகுந்தும் உடல் மெலியும், சினம் பெருகும், சிலருக்குக் கண்கள் பிதுங்கித் தோன்றும். உணவில் அயடீன் குறைவதால் வரும் கழலை நம் நாட்டின் தென்மேற்கு ஈரவலயத்தில் ஒருகாலத்தில் மிகுந்திருந்தது. 1995இல் உப்புக்கு அயடீன் சேர்த்தல் சட்டத்தால் விதிக்கப்பட்டபின் அது பெரிதும் தணிந்தது.

சிறுநீரகங்களின் மேலுள்ள அதிரீனல் சுரப்பிகள் குன்றினால், நீங்காத சோர்வும், எழும்போது தலைச்சுற்றலும், உப்பின்மேல் வேட்கையும் உண்டாகும். கைரேகைகளும் முரசும் கருமையடையும். முகம் வட்டமாக ஊதி, கைகால்கள் மெலிந்து, வயிற்றில் ஊதா வரிகள் தோன்றுதல் அச்சுரப்பு மிகுதியின் குறி. மூட்டுவலிக்கும் இழுப்புக்கும் ஸ்ரெரொயிட்டு மருந்தை நெடுநாள் உட்கொள்வோரிடமும் இது காணப்படும். அவர் அம்மருந்தைத் தாமாகத் திடீரென நிறுத்தலாகாது. அது உயிருக்கே தீங்காகும்.

இக்குறிகளுள் ஒன்றை மாத்திரம் கண்டு எவரும் அஞ்சற்க. தாகமும் அயர்ச்சியும் யாவர்க்கும் உள்ளனவே. பல குறிகள் ஒருங்கே கூடினவா, அவர் முன்னிருந்த நிலையினின்றும் மாறினாரா என்பனவே நோக்கத்தக்கவை. அம்மாற்றத்தை நோயாளர் தாமே உணரார். நாடோறும் காணும் தாயும் ஆசிரியரும் நண்பருமே உணர்வர். ஆதலின், நேற்றுவரை ஊக்கமாயிருந்த ஒருவன் இன்று வேறொருவனாய்த் தோன்றின், கண்டிக்குமுன் ஒருமுறை வைத்தியரிடம் அனுப்புவோமாக. சிறிதளவு குருதி கொண்டு செய்யும் ஒரு சோதனை, ஒரு பிள்ளையின் கல்வியை மட்டுமன்றி உயிரையும் காத்தல் கூடும்.