கட்டத்திற்கும் கட்டத்திற்கும் இடையே

(பத்தாம் வகுப்பு மாணவியர்)

"பத்தாவது படிக்கிற பிள்ளை பொம்மைப் புத்தகத்தைக் கையில் எடுக்கலாமா?" எங்கள் வீடுகளில் அடிக்கடி எழும் கேள்வி இது. கேட்பவர்கள் மேல் குற்றமில்லை; அரசுத் தேர்வு அவர்கள் கண்முன் நிற்கிறது. ஆயினும், சித்திரக்கதை படிப்பதும் படிப்புதானா, அதில் ஆராய்வதற்கு ஏதேனும் உண்டா என்று அறிய இவ்வாண்டு நாங்கள் எட்டுப் பேர் கூடி முயன்றோம். கண்டதை இங்கே எடுத்துரைக்க விழைகிறோம்.

பல்கலைக்கழகங்களில்

பெரியவர்களே இதை ஒரு கல்வியாக ஏற்றுள்ளனர் என்பதை முதலில் அறிந்தோம். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1977 ஆம் ஆண்டிலேயே கேலிச்சித்திரங்களையும் சித்திரக்கதைகளையும் காக்கும் தனி நூலகம் தோன்றியது. ஜப்பானின் கியோட்டோ செய்கா பல்கலைக்கழகம் 2006 இல் 'மங்கா' எனப்படும் அந்நாட்டுச் சித்திரக்கதைக்கென ஒரு புலத்தையே நிறுவியது. ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகம் 2011 இல் இதற்கென முதுநிலைப் படிப்பைத் தொடங்கியது. வகுப்புகளோடு வாசகர் வட்டம் அமைத்துப் படிப்பதும் உண்டு. அனைவரும் ஒரே நூலைப் படித்து வந்து, வட்டமாக அமர்ந்து, தாம் கண்டதைச் சொல்லி விவாதிப்பர்.

நம் நாட்டில்

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பர். நம் முன்னோர் சுவரிலும் விதானத்திலும் கதையையே எழுதினர். திருவாரூர்க் கோயிலின் தேவாசிரிய மண்டபத்தில் முசுகுந்தன் கதை வரிசை வரிசையாகத் தீட்டப்பட்டு, இன்ன காட்சி இதுவெனத் தமிழில் எழுதப்பட்டுள்ளது. அம்மன்னனுக்குக் குரங்கு முகம். ஆதலால் எத்தனை பேர் நடுவில் நின்றாலும் அவனை நாம் அடையாளம் கண்டுகொள்கிறோம். சித்திரக்கதையின் முதல் இலக்கணம் இதுவேயன்றோ!

அச்சில் வந்த தமிழ்ச் சித்திரக்கதைகளுள் புகழ் பெற்றது, 1972 இல் சிவகாசியில் தொடங்கிய முத்து காமிக்ஸ். அதன் முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி'. பின்னர் 1984 இல் லயன் காமிக்ஸ் வந்தது. நம் ஊருக்கும் இதில் பங்கு உண்டு. 'டிங்கிள்' இதழில் 1983 முதல் இந்தியக் குழந்தைகளைச் சிரிக்க வைத்துவரும் சுப்பாண்டி, தமிழ் நாட்டுப்புறக் கதையிலிருந்து பிறந்தவன். அக்கதைகளை முதலில் எழுதி அனுப்பியவர் ஒரு திருச்சி வாசகர் என்பது நமக்குப் பெருமை.

எங்கள் வட்டம்

எங்களில் நால்வர் திருச்சி நகரத்தினர். நால்வர் ஸ்ரீரங்கத்திலிருந்து நாள்தோறும் காவிரிப் பாலம் கடந்து வருபவர்கள். வெள்ளிக்கிழமை உணவு இடைவேளையில் வேப்பமரத்தடியில் கூடினோம். ஒருத்தியின் தாத்தா டிரங்குப் பெட்டியில் பாதுகாத்து வைத்திருந்த மாயாவி புத்தகமே எங்கள் முதல் பாடநூல். அட்டை இல்லை; மணம் மட்டும் இருந்தது.

விதிகள் மூன்று வகுத்துக்கொண்டோம். முதலில், பேச்சுக் குமிழ்களைத் தாளால் மறைத்துவிட்டுப் படத்தை மட்டும் பார்க்க வேண்டும். அடுத்து, எழுத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டும். மூன்றாவது, யார் எதைச் சொன்னாலும், "எந்தக் கட்டத்தில்?" என்று கேட்டால் விரல் வைத்துக் காட்ட வேண்டும். இந்த மூன்றாம் விதிதான் எங்களைப் பெரிதும் திணற வைத்தது.

மாயாவியின் உடலில் மின்சாரம் பாய்ந்தால் உருவம் மறைந்துவிடும். இரும்புக்கை மட்டும் தெரியும். ஓவியர் கையை மட்டும் வரைகிறார். ஆனால் முழு மனிதன் ஓடுவதும் ஒளிவதும் நமக்குத் தெரிகிறது. வரையாத உடலை வரைந்தவர் யார்? நாமே!

குறைகளையும் கண்டோம். அக்கதையில் பெண்கள் வரும் கட்டங்கள் மிகக் குறைவு. வீரச்செயல் எல்லாம் ஆண்களுக்கே. பிடித்த புத்தகத்திலும் குறை காணலாம் என்பதை அன்று கற்றோம்.

உடைந்த பானை

இரு கட்டங்களுக்கு இடையே உள்ள வெற்றிடத்தை ஆங்கிலத்தில் 'கட்டர்' என்பர். வாய்க்கால் என்று பொருள். அமெரிக்க ஓவியர் ஸ்காட் மெக்ளவுட் 1993 இல் வெளியிட்ட நூலில், வாசகரின் கற்பனை வேலை செய்யும் இடம் அதுவே என்று விளக்கினார். நம் உய்யக்கொண்டான் வாய்க்கால் வயலைப் பிரிப்பதுபோல் தோன்றினாலும், விளைவிப்பது அதன் நீர்தானே!

இதைச் சோதிக்க, எங்களுள் நன்றாக வரைபவள் இரண்டு கட்டங்கள் வரைந்தாள். முதலாவதில் பானையருகே ஒரு பூனை. இரண்டாவதில் உடைந்த பானை, கையில் விளக்குமாற்றுடன் பாட்டி. "பானையை உடைத்தது யார்?" என்றாள். "பூனை!" என்று ஆறு பேர் ஒரே குரலில் கூவினோம்.

வகுப்பில் வாயே திறக்காத ஸ்ரீரங்கத்துத் தோழி ஒருத்தி மெல்லக் கேட்டாள்: "எந்தக் கட்டத்தில்?"

விரல் வைக்க இடமில்லை. பூனை உடைப்பதை எவரும் வரையவில்லை. நாங்களே உடைக்க வைத்துவிட்டோம். பாட்டியே கை தவறி உடைத்திருக்கலாமே! கண்டது வேறு, நாமாகக் கருதியது வேறு. ஒரு தோழி இன்னொருத்தியோடு பேசாமல் போனாள் என்ற ஒரு கட்டத்தைக் கண்டு, நடுவில் நாமே ஒரு கதை வரைந்து, எத்தனை நாள் கோபித்திருக்கிறோம் என எண்ணி வெட்கினோம்.

பதினான்கு படங்கள்

தவக்காலம் வந்தது. நம் சிற்றாலயச் சுவரில் சிலுவைப் பாதையின் 14 நிலைகளும் படங்களாக உள்ளன. அதே ஸ்ரீரங்கத்துத் தோழி, அவள் கிறிஸ்தவள் அல்லள், ஒருநாள் அப்படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து வந்து எங்களிடம் சொன்னாள்: "மூணு, ஏழு, ஒன்பது, இந்த மூணு படத்துலயும் அவர் கீழே விழறார். எழுந்திருக்கிற படம் ஒண்ணுகூட இல்லையே! ஆனா அடுத்த படத்துல நிக்கறார்."

நாங்கள் வாயடைத்துப் போனோம். சிறு வயது முதல் அப்பாதையில் முழந்தாளிட்டு வந்தவர்கள் நாங்கள். அவர் எழுந்ததை எங்கள் மனமே ஒவ்வொரு முறையும் வரைந்துகொண்டது. அதை நாங்கள் அறியவில்லை.

அவ்வழியே வந்த சகோதரி ஒருவரிடம் இதைச் சொன்னோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு அவள் தலையில் கை வைத்து, "நாற்பது வருஷமாச் சிலுவைப் பாதை செய்யறேன்மா. இதை நான் பார்க்கலையே" என்றார். மறுநாள் தமிழ் வகுப்பில் அத்தோழி முதன்முறையாகத் தானே கையுயர்த்தினாள்.

முடிவுரை

சித்திரக்கதை பாடநூலுக்கு மாற்றாகாது. அதை நாங்கள் நன்கு அறிவோம். ஆனால் விடப்பட்டது எது என்று பார்க்கவும், சான்று காட்டிப் பேசவும், பிறர் கண்ணாலும் ஒரு பக்கத்தைக் காணவும் அது பழக்குகிறது. நம் நூலகத்தில் சித்திரக்கதைக்கு ஒரு தட்டும், வாரம் ஒரு மணி நேரமும் கிடைத்தால் அடுத்த ஆண்டு பத்தாம் வகுப்புக்கு வரும் தங்கையர் இவ்வட்டத்தைத் தொடர்வர். நாளை பாரதிதாசன் பல்கலைக்கழகத்திற்கோ வேறெங்கோ படிக்கச் செல்லும் நம்மில் ஒருத்தி இதையே ஆய்வுப் பொருளாக எடுக்கவும் கூடும்.

அன்புப் பெற்றோரே, இனி உங்கள் மகள் கையில் பொம்மைப் புத்தகத்தைக் கண்டால், பிடுங்குவதற்கு முன் அருகில் அமர்ந்து ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்த இரண்டு கட்டத்துக்கும் நடுவில் என்னம்மா நடந்தது?" அவள் சொல்லும் விடையில் உங்கள் மகளையே நீங்கள் படிக்கலாம்.