உயிரில்லாச் செடிகள்

நீர்க்கண்ணாடி எனப்படும் சோடியஞ் சிலிக்கேற்றுக் கரைசலுள் மயில்துத்தம், அன்னபேதி முதலியவற்றின் பளிங்குகளை இட்டு வைத்தால், நீலமும் பச்சையுமாய்த் தண்டுகள் மெல்ல மேலெழும். ஆய்வுகூட மேசையிலே இதனைக் கண்டு வியவாத மாணவர் அரியர். உப்பை விதைத்துச் செடி வளர்ப்பதாக நாமும் அந்நாளில் நகையாடியதுண்டு. செருமானிய இரசவாதியாகிய கிளௌபர் 1646இலேயே இவ்வகை வளர்ச்சியை எழுதி வைத்துள்ளார்.

பளிங்கின் மேற்பரப்புக் கரையத் தொடங்கியதும் உலோக அயன்கள் காரக் கரைசலைச் சந்திக்கின்றன. சந்தித்த இடத்திலேயே வீழ்படிவு தோன்றிப் பளிங்கைச் சுற்றி மெல்லிய சவ்வாகின்றது. இச்சவ்வு நீரை விடும். அயன்களை எளிதில் விடாது. உள்ளே உப்புச் செறிவு மிகுதியாதலால் பிரசாரணத்தினால் நீர் உட்புகுகின்றது, அமுக்கம் ஏறுகின்றது, சவ்வு வெடிக்கின்றது. வெடிப்பினூடே பீறிடும் உட்கரைசல் புறக்கரைசலிலும் அடர்த்தி குறைந்ததாதலின் மேனோக்கி எழும். அத்தாரையின் ஓரமெங்கும் உடனே வீழ்படிவு உறைய, தாரை குழாயாகின்றது. நாம் தண்டெனக் கண்டது இக்குழாயே.

பளிங்கை நீக்கி, மயில்துத்தக் கரைசலை நுண்குழாய் வழியே பம்பியினாற் சீராகச் செலுத்திய ஆய்வொன்று 2003இல் வெளியாயிற்று. செறிவு குறைந்த கரைசல் இடையறாத் தாரையாய் உயர்ந்து நேர்க்குழாயை ஆக்கும். சற்றுச் செறிந்ததோ, நுனி பருத்துக் குமிழாய்க் கழல, துடிதுடித்து வளரும். மேலுஞ் செறிந்து கனத்தது மொட்டின்மேல் மொட்டாய் அரும்பும். பாய்ச்சல் ஒன்றே, வடிவங்கள் மூன்று!

நாந்து நகரத்து மருத்துவப் பேராசிரியர் இலெதுக்கு என்பார், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தகைய 'செடி'கள் பல வளர்த்து, உயிரின் இயக்கமும் இதுவே என வாதித்தார். வடிவம் ஒத்தால் அமையுமோ? இவற்றுக்குப் பரம்பரை இல்லை. உப்புத் தீர்ந்ததும் வளர்ச்சி நிற்கும். அவர் தவறினார் என்பதே எம் துணிபு.

எனினும் அவர் வினா இறந்துபடவில்லை. 2000ஆம் ஆண்டு திசெம்பரில் அத்திலாந்திக்குச் சமுத்திரத்தடியில் 'தொலைந்த நகரம்' எனப் பெயர் பெற்ற ஊற்றுக்கள் காணப்பட்டன. பாறையினின்று வெதுவெதுப்பான காரநீர் குளிர்ந்த கடலுட் பாய, அங்கே 60 மீற்றர் வரை உயர்ந்த காபனேற்றுக் கோபுரங்கள் நிற்கின்றன. அத்தகைய ஊற்றுக்களின் கனிமச் சுவர்களே ஆதி உயிரின் தொட்டிலாகலாம் என இரசல் முதலானோர் முன்னரே கூறியிருந்தனர். ஆய்வுகூடத்தில் வளர்த்த சுவர்களின் இருபுறமும் மின்னழுத்த வேறுபாடு அளக்கப்பட்டுள்ளது. உயிர்க்கலமும் தன் சத்தியைச் சவ்வின் இருபுற வேறுபாட்டினாலேயே ஈட்டுகின்றது. ஆயினும் சுவர் கலமாகிய படியை இன்னும் எவரும் காட்டினாரிலர்.